ஷாம்போலியோன் சந்தும் ஆடிமாக்ஸ் அரங்கும்: படிக்கப் போன ஊரில் படம் பார்ப்பது

பாரிஸில் சொர்போன் பல்கலைக்கழகத்தை ஒட்டி ரூ ஷாம்போலியோன் என்றொரு குறுகிய சந்து இருக்கிறது. எகிப்தின் சித்திர எழுத்துகளைப் படித்துச் சொன்ன அறிஞரின் பெயர் அதற்கு. அந்தச் சந்துக்குள் லெ ஷாம்போ, ரெஃப்லே மெதிசிஸ், ஃபில்மோதெக் என மூன்று சின்னத் திரையரங்குகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முனையில் இருக்கும் லெ ஷாம்போ 1938இல் திறந்தது. வகுப்பு முடிந்து பையை மாட்டிக்கொண்டு நடந்தால் சில நிமிடங்களில் இருட்டுக்குள் உட்கார்ந்துவிடலாம்.

ஜெர்மனியில் ஆகன், டார்ம்ஸ்டாட், கார்ல்ஸ்ரூஹ, மூனிக் போன்ற ஊர்களின் பல்கலைக்கழகங்களில் அவ்வளவு நடக்கக்கூடத் தேவையில்லை. பகலில் வெப்ப இயக்கவியலோ நேரியல் இயற்கணிதமோ நடந்த பெரிய விரிவுரை அரங்கிலேயே இரவில் படம் ஓடும். ஆடிமாக்ஸ் என்று சுருக்கிச் சொல்லும் அந்த அரங்குகளில், எழுதுபலகை மடக்கி வைத்த அதே மர இருக்கையில், அதே பெஞ்சுத் தோழர்களோடு. நடத்துகிறவர்கள் மாணவர்கள், சம்பளம் இல்லாமல். டிக்கெட் சில யூரோதான்.

வெளிநாட்டுப் படிப்பு என்றால் கல்விக்கட்டணம், விசா, வேலை இந்த மூன்றையும்தான் வீடுகளில் பேசுகிறோம். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது, யாரோடு சிரிக்கிறது, எதைப் பற்றி வாய்திறந்து பேசுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஊரையும் மொழியையும் விட்டுப் போனவருக்கு அந்த மாலை நேரம் பாடத்துக்குச் சமமான விஷயம் என்றே நினைக்கிறேன். அதனால்தான் இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. படம் எங்கே ஓடுகிறது என்பது, அந்த மாணவர் எப்படிப் படிக்கிறார் என்பதைத் தொடுகிறது. படத்தைப் பற்றி அவர் என்ன சொல்லத் துணிகிறார் என்பதையும் தொடுகிறது.

நேரத்திலிருந்து தொடங்கலாம். ஐரோப்பிய முறையில் முழுநேரப் படிப்புக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பு, நூலகம், அறையில் தனியாக உட்கார்ந்து படிப்பது எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். அதற்கு மேல் பகுதிநேர வேலை. பிரான்ஸ் வெளிநாட்டு மாணவரை ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை பார்க்க அனுமதிக்கிறது. ஜெர்மனியில் 2024 முதல் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். இவ்வளவையும் கழித்த பிறகும் சினிமாவுக்கு நேரம் மிஞ்சத்தான் செய்கிறது. அது எந்த மாதத்தில் மிஞ்சுகிறது என்பதுதான் இரண்டு நாட்டிலும் வேறு.

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். பல பாடங்களில் கடைசியில் வரும் ஒரே தேர்வுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இன்டர்னல், மாடல் எக்ஸாம், வருகைப்பதிவு என்று ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் துரத்த வளர்ந்த தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவருக்கு நவம்பர் மாதத்தின் அமைதி ஆபத்தானது. பேராசிரியர் எதையும் கேட்பதில்லை. வராவிட்டாலும் கவலைப்படுவதில்லை. எல்லாம் நன்றாகப் போகிறது என்ற நினைப்பிலேயே ஜனவரி வந்துவிடும். பிரான்சில் பெரும்பாலும் செமஸ்டர் முழுக்கவே கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பிடுகிறார்கள்: வகுப்பு முன்னால் நின்று பேச வேண்டிய அறிக்கை, எழுதித்தர வேண்டிய கட்டுரை, நடுவில் ஒரு தேர்வு. சுமை பரவலாக இருப்பதால் முழுசாக ஓய்ந்த வாரம் என்று எதுவும் கிடையாது.

ஜெர்மன் மாணவர் சினிமா இந்த இடத்தில் தன் அருமையைக் காட்டுகிறது. அதன் நிகழ்ச்சி நிரல் செமஸ்டர் தொடக்கத்திலேயே வந்துவிடும். வாரத்தில் ஓரிரு இரவு மட்டுமே காட்சி. வகுப்புகள் முடிந்து தேர்வுக்காலம் நெருங்கியதும் காட்சிகளும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அந்த அரங்கில் தேர்வு நடக்க வேண்டும். புரொஜெக்டரை ஓட்டுகிறவரும் தேர்வு எழுத வேண்டியவர். படிப்பும் பொழுதுபோக்கும் ஒரே நாட்காட்டியில் எழுதப்பட்டிருப்பதால், எப்போது நிறுத்துவது என்ற கேள்வியை இருபத்திரண்டு வயது மாணவர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

பாரிஸுக்கு யாருடைய தேர்வும் தெரியாது. ஒவ்வொரு புதன்கிழமையும் புதுப்படங்கள் வந்துகொண்டே இருக்கும். லே ஆல் பகுதியில் பூமிக்கடியில் இருக்கும், யூஜிசி என்ற திரையரங்கு நிறுவனத்தின் வளாகத்தில் 27 திரைகள். காலை ஒன்பது மணிக்கே காட்சி தொடங்கிவிடும். அது போதாதென்று சந்துகளில் ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் வாரம், ஹிட்ச்காக் வாரம், எப்போதோ மறந்த இத்தாலிய நகைச்சுவை வாரம். பத்து மணி வகுப்புக்கும் மூன்று மணி வகுப்புக்கும் இடையில் நுழைந்து ஒரு படம் பார்த்துவிட்டு வந்துவிடலாம். முதல் செமஸ்டரில் இந்த வசதி பலரைக் கவிழ்த்துவிடும். புது ஊரில், சரியாகப் புரியாத மொழியில் நடக்கும் வகுப்பைவிட இருட்டு அரங்கு எப்போதுமே இதமாக இருக்கும். எந்த ஆண்டில் எங்கே என்று யாராவது என்னிடம் கேட்டால், முதல் ஆண்டுக்கு ஜெர்மன் ஏற்பாடே நல்லது என்று தயங்காமல் சொல்வேன்.

ஓய்வு என்ற அளவில் மட்டும் பார்த்தால் இரண்டுமே செய்வது ஒன்றுதான். கேம்பிரிட்ஜில் தத்துவஞானி விட்கன்ஸ்டைன் வகுப்பு எடுத்த களைப்போடு நேரே சினிமாவுக்குப் போவார். திரை கண்ணை முழுவதும் நிறைக்க வேண்டும் என்று முதல் வரிசையில் உட்காருவார். அமெரிக்கப் படங்களை விரும்பினார், ஆங்கிலேயப் படங்கள் தேறவே தேறாது என்று அடித்துச் சொன்னார். இதை எழுதிவைத்த நார்மன் மால்கம் அப்போது அங்கே படிக்க வந்திருந்த அமெரிக்க மாணவர். மூளை தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்த வேறு ஏதாவது பெரிதாகக் கண்முன் வர வேண்டும். அந்த வேலைக்குப் பாரிஸின் சிவப்பு இருக்கையும் ஆகனின் மரப்பலகையும் ஒன்றே.

காசு விஷயத்தில் அப்படி இல்லை. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் யூஜிசி நிறுவனம் மாதம் 98 பிராங்க் கட்டினால் எத்தனை படம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஓர் அட்டையைக் கொண்டுவந்தது. சிறு அரங்குக்காரர்கள் கொதித்தார்கள். மற்றப் பெரு நிறுவனங்களும் அதே வழியில் போயின. மறு ஆண்டே அரசு சட்டத்தில் இதற்கென விதிகளைச் சேர்த்து, இத்தகைய அட்டைகளைத் தேசியத் திரைப்பட மையத்தின் அனுமதிக்குக் கீழே கொண்டுவந்தது. இன்று 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்த அட்டை இன்னும் மலிவு. ஒப்பந்தம் செய்துகொண்ட சில சிறு அரங்குகளிலும் செல்லும்.

இந்த அட்டை மாணவரின் பையை மட்டும் தொடவில்லை, அவருடைய கருத்தையும் தொட்டது. ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும்: ஜெர்மனிக்குப் போகும் மாணவர் பொதுவாகத் தன் ஆண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் கட்டி முடக்கிக் காட்ட வேண்டும். மாதத்துக்கு 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். அதில் வாடகையும் மருத்துவக் காப்பீடும் போனபின், பெரிய மல்டிபிளெக்ஸில் பத்துப் பன்னிரண்டு யூரோ கொடுத்து ஒரு படத்துக்குப் போனால் அது நல்ல படமாக இருந்தே ஆக வேண்டும். டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கும் ஊரிலிருந்து போனவர், ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அப்படி உட்கார்ந்தவருக்குப் படம் பிடிக்காமல் போவது கஷ்டம். மனசு தானாகவே நாலு நல்ல காட்சியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பாரிஸில் அட்டை வைத்திருக்கும் மாணவர் இருபதாவது நிமிடம் எழுந்து போகலாம், நஷ்டமில்லை. மோசமான படத்தை மோசம் என்று சொல்வதற்கு இந்த விடுதலை வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நாற்பதாம் நிமிடத்தில் திறக்கும் படங்கள் இருக்கின்றன. எழுந்து போகப் பழகியவர் அவற்றை இழப்பார்.

ஜெர்மன் மாணவர் சினிமா இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. படம் வெளிவந்து பல மாதங்கள் கழித்தே அங்கே வரும். விளம்பரச் சத்தம் அடங்கியிருக்கும். பார்க்க விரும்பியவர்களெல்லாம் பார்த்திருப்பார்கள். முதல் நாள் முதல் காட்சி என்ற படபடப்பில் வளர்ந்த நமக்கு இது சப்பென்று தோன்றலாம். ஆனால் அந்தத் தாமதத்தில் படம் படமாக மட்டும் மிஞ்சுகிறது.

அடுத்தது மொழி. பாரிஸின் மாணவர் பேட்டையில் வெளிநாட்டுப் படங்கள் மூல மொழியிலேயே ஓடும், அடியில் பிரெஞ்சு சப்டைட்டில். காதில் ஆங்கிலமோ ஜப்பானிய மொழியோ, கண்ணில் பிரெஞ்சு. பிரெஞ்சு வாசிப்பின் வேகம் இப்படி உட்கார்ந்தே கூடும். ஜெர்மனியில் பெரும்பாலான அரங்குகளில் டப்பிங்தான். ராபர்ட் டி நீரோவுக்கு ஜெர்மனியில் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்தவர் கிறிஸ்டியான் புரூக்னர். அங்குள்ளவர்களுக்கு டி நீரோவின் குரல் என்றால் அவர் குரல்தான். டப்பிங் என்றால் முகம் சுளிக்கும் சினிமா அன்பர்கள் நம்மிடையே உண்டு. மொழி கற்கும் மாணவர் பக்கமிருந்து பார்த்தால் அதில் ஒரு நன்மை இருக்கிறது: ஸ்டூடியோவில் பேசிய, வட்டார வழக்கு கலக்காத, தெளிவான ஜெர்மன் அது. பேருந்தில் கேட்டுப் புரியாத மொழி அரங்கில் புரியத் தொடங்கும்போது வரும் தைரியம் மறுநாள் ஆய்வகத்தில் உதவும்.

காதில் அந்நிய மொழி, கண்ணில் பிரெஞ்சு என்ற பாரிஸ் வரிசை தமிழ் மாணவருக்கு ஒருமுறை மொத்தமாகத் திரும்பியது. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்ற ழாக் ஓடியாரின் ‘தீபன்’ பெரும்பகுதி தமிழில் பேசுகிறது. எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகன். பாரிஸ் புறநகர்க் குடியிருப்பொன்றில் நடக்கும் அந்தக் கதையை, பிரெஞ்சுக்காரர்கள் எழுத்தைப் பார்த்துப் படிக்க, தமிழர் நேராகக் காதால் கேட்கலாம். ஈழத்துப் பேச்சின் சில சொற்களுக்குத் தமிழ்நாட்டு மாணவர் சப்டைட்டிலை எட்டிப் பார்த்திருக்கக்கூடும். பாரிஸின் லா ஷப்பெல் பகுதித் தமிழ்க் கடைகளில் அன்றாடம் கேட்கும் குரல்கள், பிரான்சின் மிகப் பெரிய திரைப்பட விருதுக்குள் வந்து நின்றன. அந்தப் படத்தின் முடிவைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. துப்பாக்கியை அவ்வளவு எளிதாக அவன் கையில் திரும்பக் கொடுத்திருக்க வேண்டாம். ஆனாலும் அந்த அரங்கில் உட்கார்ந்த தமிழ் மாணவருக்குக் கருத்துச் சொல்ல இருந்த உரிமை வேறு யாருக்கும் இருந்திருக்காது.

கருத்து என்று வரும்போது நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் படத்தைப் பாதி பாதியாகத்தான் மதிப்பிடுகிறோம். முதல் பாதி விறுவிறு, இரண்டாம் பாதி இழுவை. அல்லது இடைவேளைக் காட்சியில் தூக்கிவிட்டான். இடைவேளையில் வெளியே வந்து தேநீரோ சமோசாவோ வாங்கும்போதே தீர்ப்பின் பாதி எழுதப்பட்டுவிடும். ஐரோப்பிய அரங்குகளில் பொதுவாக இடைவேளை கிடையாது. இரண்டு மணி நேரம் ஒரே மூச்சு. அங்கே போன தமிழ் மாணவருக்குத் தன் கருத்தின் இலக்கணமே கையைவிட்டு நழுவுகிறது. எங்கிருந்து பேசத் தொடங்குவது என்று தெரியாமல் முதலில் திணறுவார். பிறகு காட்சி, ஒளி, ஒரு நடிகையின் மௌனம் என்று வேறு பிடிமானங்களைத் தேடுவார். இந்தத் திணறலை நான் லாபக் கணக்கில்தான் எழுதுவேன்.

பாரிஸ் இதில் இன்னொரு பாடத்தையும் சேர்க்கிறது. பிரான்சில் மதிப்பெண் இருபதுக்கு. பத்து எடுத்தால் தேர்ச்சி. பதினாறைத் தொட்டால் மிகச் சிறப்பு. நூற்றுக்கு நூறு வாங்கி நாளிதழில் படம் வந்த பிள்ளை, உயிரைக் கொடுத்து எழுதிய கட்டுரைக்குப் பன்னிரண்டு வாங்கி அழுதபின், அந்தப் பன்னிரண்டு நல்ல மதிப்பெண் என்று மெல்லத் தெரிந்துகொள்கிறது. அதன்பிறகு அது படங்களுக்கு அள்ளி வீசும் நட்சத்திரமும் குறையும். 1950களில் ‘கையே து சினிமா’ இதழ் பத்து விமர்சகர்களின் கருத்தை ஒரு பட்டியலாகப் போடத் தொடங்கியது. கரும்புள்ளி என்றால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டாம். ஒரு நட்சத்திரம், வேறு வழியில்லையென்றால் போகலாம். இரண்டு, பார்க்கலாம். மூன்று, கட்டாயம் பார்க்க வேண்டும். நான்கு, தலைசிறந்த படைப்பு. நான்காவதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஒரே கேள்விக்கான விடை: இன்று மாலை இதற்காகக் கிளம்பலாமா? நாளைக்குக் கட்டுரை கொடுக்க வேண்டிய மாணவருக்குத் தேவையான கேள்வியும் அதுதான். பத்துக்கு எட்டரையா எட்டேமுக்காலா என்று அடித்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜெர்மன் விரிவுரை அரங்கில் கருத்து இப்படித் தனியாக முளைப்பதில்லை, கூட்டத்தில் பிறக்கிறது. வகுப்பு முடிந்ததும் கைதட்டாமல் மேசையை விரல் முட்டியால் தட்டுவது அந்த நாட்டு மாணவர் வழக்கம். அந்தக் கூட்டத்தின் சக்தியை டிசம்பரில் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன் ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் ‘டி ஃபொயர்ட்சாங்கன்பௌலெ’ என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போடுவார்கள். பள்ளிக்கே போகாமல் வீட்டில் படித்து வளர்ந்த எழுத்தாளர் ஒருவர், மாணவன் வேடம் போட்டுச் சிற்றூர்ப் பள்ளியில் சேர்ந்து ஆசிரியர்களைப் படாதபாடு படுத்தும் கதை. ஹைன்ஸ் ரூமான் நாயகன். திரையில் அலாரம் அடிக்கும்போது நூற்றுக்கணக்கானோர் கொண்டுவந்த கடிகாரங்களும் அடிக்கும். ரம்மில் நனைத்த சர்க்கரைக்குத் தீ வைக்கும்போது அரங்கமெங்கும் மத்தாப்புப் பொறியும். வேதியியல் வகுப்பில் மாணவர்கள் பெர்ரி ஒயினை ஒரு வாய் ருசிக்கும்போது இங்கேயும் ஒரு வாய். இரண்டு மாதமாக யாரோடும் சேராமல் இருந்த வெளிநாட்டு மாணவர் அன்றைக்கு அந்தச் சத்தத்துக்குள் கரைந்துவிடுவார். நம் ஊர்த் திரையரங்கின் விசிலும் காகிதத் துண்டுகளும் நினைவுக்கு வராமல் இருக்காது.

அந்தப் படம் வெளியானது 1944 ஜனவரியில். நகரங்கள் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்த, முகாம்களில் கொலை நடந்துகொண்டிருந்த நேரம். ஆசிரியர்களைக் கேலி செய்கிறது என்று கல்வி அமைச்சகம் தடுக்கப் பார்த்ததும், ரூமான் படச்சுருளோடு ஹிட்லரின் கிழக்குப் பிரஷ்யத் தலைமையகத்துக்கே போய் அனுமதி வாங்கிவந்தார். படத்தில் இளம் ஆசிரியர் ஒருவர் வருவார். கிழட்டு ஆசிரியர்களுக்கு நடுவே அவர் ஒருவருக்குத்தான் கேலி கிடையாது. இளமரங்களை நேராக வளர்க்கக் கட்டிவைப்பதுபோல மாணவரைக் கட்டுப்பாட்டால் கட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் அரங்கில் அந்த வசனம் சத்தமில்லாமல் கடந்துபோய்விடும். பொழுதுபோக்காகப் பார்த்த படத்தைப் பற்றிப் பொழுதுபோக்காக ஒரு கருத்துச் சொல்வது யாருக்கும் உரிமைதான். ஆனால் சில படங்கள் ஆண்டு என்ன என்று கேட்டுவிட்டுப் பேசச் சொல்கின்றன. இந்த இடத்தில் பாரிஸ் பழக்கம் மேலானது: தனியாகப் பார்ப்பவருக்கு அந்த இளம் ஆசிரியரின் குரல் கேட்டிருக்கும். கூட்டத்தின் அணைப்பு எவ்வளவு தேவையோ, அவ்வளவு அது காதையும் அடைக்கிறது.

இந்த இரண்டு நாட்டுப் பழக்கங்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் அந்நியம் என்றும் சொல்ல முடியாது. போருக்குப் பின் ஜெர்மனியின் ஒரு பகுதி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தபோது, அங்கிருந்த பிரெஞ்சுப் பண்பாட்டு அதிகாரிகள் திரைப்படச் சங்கங்களை ஊக்குவித்தார்கள். சர்வாதிகாரத்தில் வளர்ந்த இளைஞர்கள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஒருவரோடொருவர் வாதாடிப் பழகட்டும் என்பது நோக்கம். பாரிஸ் திரைப்படக் கழகங்களின் மூச்சு ஜெர்மன் மண்ணில் கொஞ்சம் கலந்திருக்கிறது.

வெளிநாட்டு மாணவரைப் பற்றி எடுத்த படங்களே இந்தச் சமநிலையைக் காட்டுவதில்லை என்பது என் குறை. பெர்த்தொலூச்சியின் ‘தி ட்ரீமர்ஸ்’ (2003) படத்தில் 1968இல் பாரிஸுக்குப் படிக்க வந்த அமெரிக்க இளைஞன் சினிமாதெக் என்ற திரைப்படக் காப்பகத்தின் அரங்கிலேயே கிடக்கிறான். அவன் வகுப்புக்கு என்ன ஆயிற்று என்று படம் கவலைப்படுவதில்லை. க்ளாபிஷின் ‘லோபெர்ஜ் எஸ்பான்யோல்’ (2002) பார்சிலோனாவில் பல நாட்டு மாணவர் ஒரே வீட்டில் வாழும் அழகான படம்தான், ஆனால் நூலகத்தில் நள்ளிரவு வரை உட்கார்ந்த கண்ணெரிச்சல் அதில் அதிகம் இல்லை. பகுதிநேர வேலை முடித்து, அசைன்மென்டைக் கொடுத்துவிட்டு, கடைசிக் காட்சிக்கு ஓடி வந்து பாதியில் தூங்கிவிடும் மாணவரை யாராவது படமாக எடுக்க வேண்டும்.

தனிமை பற்றி ஒன்று. பாரிஸில் தனியாகப் படத்துக்குப் போவதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பிற்பகல் காட்சியில் பாதிப் பேர் தனி ஆட்களாகத்தான் இருப்பார்கள். கூட்டமாகப் போனால்தான் சினிமா என்று வளர்ந்த நமக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது பெரிய கொடை. தனியாகப் போய், தனியாக முடிவு செய்து, யாருக்கும் விளக்கம் சொல்லாமல் அறைக்குத் திரும்பும் சுதந்திரத்தை ஊரில் அனுபவித்தவர்கள் எத்தனை பேர்?

இவ்வளவுக்குப் பிறகும் என் சாய்வு ஜெர்மன் அரங்கின் பக்கம்தான், அதற்குக் காரணம் காட்சி நடக்கும் இரவில் இல்லை. அடுத்த செமஸ்டரின் படங்களைத் தேர்ந்தெடுக்க மாணவர் சினிமாவை நடத்தும் சங்கத்தார் கூடும் கூட்டத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் சேரப் பெரிய தகுதி எதுவும் வேண்டாம். நுழைவுச்சீட்டுக் கிழிக்கவும் நாற்காலிக்கடியில் கிடக்கும் புட்டிகளைப் பொறுக்கவும் தயாராக இருந்தால் போதும். பாரிஸில் என் கருத்து என் அடுத்த புதன்கிழமையை மட்டும் தீர்மானிக்கும். இங்கே ஒரு படத்தைப் போடலாம் என்று சொன்னால் அதற்கு வாடகை கட்ட வேண்டும், பெரிய அரங்கில் ஆள் சேர வேண்டும், நஷ்டம் வந்தால் எல்லோரும் ஏற்க வேண்டும். ஒரு தமிழ்ப் படத்தின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க நினைக்கும் மதுரை மாணவியை எண்ணிப் பார்க்கிறேன். செம படம், மாஸ், கிளைமாக்ஸில் அழுதுவிட்டேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. நடிகர் பெயர் யாருக்கும் தெரியாது. இடைவேளை விட வேண்டுமா, இரண்டே முக்கால் மணி நேரம் ஏன், பாட்டு வரும்போது கதை நிற்கிறதே என்று கேட்பார்கள். அவள் தன் பி1 நிலை ஜெர்மனை வைத்துக்கொண்டு, இந்தப் படத்தை டார்ம்ஸ்டாட்டில் இயந்திரவியல் படிக்கும் ஒருவர் ஏன் செவ்வாய்க்கிழமை இரவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான்கு வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு கை தூக்கி வாக்கெடுப்பார்கள்.

அந்த நான்கு வாக்கியங்களை அவள் முந்தின இரவு எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருப்பாள், கட்டுப்பாட்டியல் பயிற்சித்தாளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு.